நம் எழுத்து யாருக்குச் சொந்தம்? ‘மில் வாசல்’ யூடியூபில் ஓடுகிறது

கொல்லைப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்), வெள்ளி இரவு 9.40

போன வாரம் என் தம்பி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு யூடியூப் சுட்டி அனுப்பினாள். “அத்தை, தாத்தா வேலை பார்த்த ரைஸ் மில் மாதிரியே இருக்கு, கேட்டுப் பாருங்க” என்று குறிப்பு. கேட்டேன். மாதிரி என்ன மாதிரி, அது என் எழுத்தேதான்.

இரண்டு வருடமாக இந்த இணைய மன்றத்தில் நான் எழுதிவரும் ‘மில் வாசல்’ தொடரில் 34 பகுதிகள் வந்திருக்கின்றன. அதில் 11 பகுதிகளை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஏஐ குரலில் படிக்கவிட்டு, ஏஐ படங்களை ஓட்டி, காணொலி காணொலியாகப் போட்டிருக்கிறார்கள். நெல் அவிக்கும் தொட்டிக்கு ரயில் எஞ்சின் படம். ‘விடியுமுன்னே களத்தில் இறங்கிவிட்டார்கள்’ என்ற வரிக்கு வாளும் கேடயமுமாக நாலு பேர் நிற்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழே ‘படித்ததில் பிடித்தது’ என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை.

நான் கேட்க நினைப்பது இதுதான். இங்கே போட்டதும் அது மன்றத்தின் சொத்தாகிவிட்டதா, இல்லை இன்னும் என்னுடையதுதானா? புனைபெயரில் எழுதினால் உரிமை கேட்க முடியுமா? மில் முதலாளி குடும்பம் எங்களுக்குத் தூரத்து உறவு. இதை எழுதுவது நான்தான் என்று தெரிந்தால் அடுத்த கல்யாண வீட்டில் என் இலையில் பாயசம் விழாது. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் இதுவரை தெரியாது.

ஊர்க்கிணறு, வெள்ளி இரவு 10.15

அக்கா, வருத்தப்படாதீர்கள். பூட்டு போடாத இடத்தில் எழுதினோம், போகிற வருகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள். இணையத்தில் போட்டால் அது ஊர்ச்சொத்துதானே? நம் பாட்டிகள் சொன்ன கதைக்கு யார் காப்புரிமை கேட்டார்கள்? அந்தச் சானலால் இன்னும் ஆயிரம் பேர் உங்கள் மில்லுக்குள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ச்சில், வெள்ளி இரவு 10.22

ஆயிரம் பேர் வந்தார்கள், சரி. யார் வீட்டுக்கு வந்தோம் என்று ஒருத்தருக்கும் தெரியாதே?

கறுப்புக்கோட்டு, சனி காலை 7.05

அக்கா, நான் மதுரையில் சின்ன வக்கீல். நோட்டீஸ் விடும் நிலை வந்தால் இந்தத் துறையிலேயே இருக்கிற ஒருவரைப் பாருங்கள். ஆனால் நீங்கள் கேட்ட அளவுக்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு, அதாவது பேடண்ட். எழுத்து, படம், பாட்டுக்கு இருப்பது பதிப்புரிமை. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டதால்தான் ‘பதிவு செய்யாவிட்டால் உரிமை இல்லை’ என்ற பேச்சே வந்தது. பேடண்டுக்கு விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். பதிப்புரிமை அப்படியில்லை, எழுதி முடித்ததுமே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. வட்டத்துக்குள் C எழுத்து (©) போடுவதும் கட்டாயமில்லை. பதிவு செய்துவைத்தால் வழக்கில் சாட்சியமாக உதவும், அவ்வளவுதான். ஒரு இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலையாக எழுதிக் கொடுத்தது போன்ற சில விலக்குகள் உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது. அந்த உரிமை வாய்ப்பேச்சில் கைமாறாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அப்படி எழுதிக் கொடுத்தாலும், எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நிலப் பத்திரத்தை வாசிப்பதுபோல வாசிக்க வேண்டிய பிரிவு அது. எழுதுகிறவர்கள் யாரும் வாசிப்பதில்லை.

புனைபெயர் தடையே இல்லை. சாதாரணமாக எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும் பாதுகாப்பு. புனைபெயரில் வெளியானால் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். அதற்குள் நீங்கள் யார் என்று வெளிப்படுத்திவிட்டால் மறுபடியும் ஆயுள் கணக்குக்கு மாறிவிடும்.

பெயர் போடாமல் விட்டது தனிக் குற்றச்சாட்டு. 57ஆம் பிரிவு. படைப்பை முழுசாக விற்றுவிட்டால்கூட ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே நிற்கும். நீங்கள் எதையும் விற்கவே இல்லை.

வாசல்காவல் (மட்டுநிறுத்துநர்), சனி காலை 8.30

மன்றத்தின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். சேரும்போது எல்லாரும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய விதிகளில் 6ஆவது இது: இங்கே இடுவது இட்டவருக்கே சொந்தம். அதைத் தளத்தில் காட்டவும், காப்பு நகல் எடுத்துவைக்கவும், தேடலில் கிடைக்கச் செய்யவும் மட்டும் மன்றத்துக்கு அனுமதி. புத்தகம் போடவோ, யாருக்காவது விற்கவோ எங்களுக்கு உரிமை இல்லை.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. உரிமை எங்களிடம் இல்லாததால், உங்களுக்காக யூடியூபில் நாங்கள் புகார் கொடுக்கவும் முடியாது. இரண்டு வருடத்துப் பதிவுகளும் எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து வந்தன என்று ஒரு கடிதம் தருகிறோம். அது உங்கள் கையில் ஆதாரமாக இருக்கும்.

தொடரை எடுத்துவிட நினைத்தாலும் எடுக்கலாம். மற்றவர்கள் தங்கள் மறுமொழியில் முழுப் பகுதியையும் மேற்கோள் காட்டியிருந்தால் அதையும் நீக்கித் தருவோம். இரண்டு வரி, மூன்று வரி மேற்கோள்களில் கை வைக்க மாட்டோம். அவை அவர்கள் பேச்சின் பகுதி.

ஊர்க்கிணறு, சனி மதியம் 1.10

வக்கீல் தம்பி 17, 19, 57 என்று அடுக்கினார். நானும் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். 52ஆம் பிரிவில் வெளியான படைப்பைப் பொதுவில் வாசிக்கலாம் என்று இருக்கிறதே? அவர்கள் செய்தது வாசிப்புதானே? கோயில் திண்ணையில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்பதும் திருட்டாகிவிடுமா?

கறுப்புக்கோட்டு, சனி மதியம் 2.45

அண்ணே, நல்ல கேள்வி, நிஜமாகவே. ஆனால் அந்த வரியில் ‘நியாயமான அளவு பகுதி’ என்று ஒரு சொல் இருக்கிறது. 11 பகுதிகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஓட்டுவது எந்தக் கணக்கிலும் பகுதி ஆகாது. அப்புறம், திண்ணையில் வாசித்தது வாசித்தவரோடு முடிந்தது. இங்கே ஒரு பதிவை உருவாக்கி, சேமித்து, உலகம் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். நகல் எடுப்பது, பொதுமக்களுக்குக் கொண்டுசெல்வது, இரண்டுமே 14ஆம் பிரிவில் உரிமையாளருக்கு ஒதுக்கியவை.

அதே 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கு இடம் தருகிறது. அக்காவின் ஒரு பத்தியை எடுத்துப் போட்டு ‘இதில் உமி மூட்டை கணக்கு தப்பு’ என்று யாராவது எழுதினால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

பாட்டி கதைக்கு வருகிறேன். கதைக்கருவுக்கு உரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னது அதுதான்: கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான். ரைஸ் மில் கணக்குப்பிள்ளையின் மகளைப் பற்றி நீங்களும் நாளைக்கே எழுதலாம். உங்கள் சொற்களில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

வடமராட்சியான், சனி மாலை 6.20

நான் யூடியூபிலே முறைப்பாடு குடுக்கிற வேலையை ஒருக்கால் செய்து பார்த்தவன், அதனாலை சொல்லுறன். எங்கடை ஊர்க் கோயில் தேர் பற்றி அப்பா எழுதினதை நான் தட்டச்சு செய்து ஒரு குழுவிலே போட்டன். கொஞ்ச நாளிலே அது வேறொருத்தரின்ரை பெயரோடை காணொலியாக வந்திட்டுது. மிச்சத்தை எல்லாருக்கும் விளங்க எழுத்துத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எந்த நாட்டுச் சட்டம் என்று நாங்கள் வீட்டில் ஒரு இரவு முழுக்க விவாதித்தோம். அப்பா இலங்கையில் எழுதினார். அங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆயுளுக்குப் பிறகு 70 வருடம். நான் இருப்பது டொராண்டோ. கனடாச் சட்டத்தில் இணையத்தள நடத்துநரின் கடமை முறைப்பாட்டை மற்றவருக்கு அனுப்பிவைப்பதோடு முடிந்துவிடுகிறது. நீக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. கடைசியில் இது ஒன்றுமே தேவைப்படவில்லை. யூடியூப் அமெரிக்கக் கம்பெனி, 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியில் தன் படிவத்தை வைத்திருக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் அந்தப் படிவம்தான்.

அதில் அக்கா கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. படிவத்தில் உங்கள் சட்டப்படியான முழுப்பெயரைக் கேட்பார்கள். காணொலி நீக்கப்பட்ட இடத்தில் ‘இன்னார் கோரியதால் நீக்கப்பட்டது’ என்று உரிமையாளரின் பெயரைக் காட்டுவார்கள். உடனே நீக்கச் சொல்லலாம், அல்லது 7 நாள் அவகாசம் கொடுத்து அவராகவே எடுக்க விடலாம். உடனே நீக்கினால் சானலுக்கு ஒரு ‘ஸ்ட்ரைக்’, அதாவது எச்சரிக்கைக் குறி, விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சானலே போய்விடும். அவர் மறுத்து எதிர்மனு போட்டால், நீங்கள் நீதிமன்றம் போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காணொலி திரும்ப வந்துவிடும்.

எங்களுடைய விஷயத்தில் அவர் எதிர்மனு போடவில்லை. ‘தேர்’ என்பது அவருக்குத் தேர்தல் மாதிரித் தெரிந்திருக்கும்போல, அட்டைப்படத்தில் வாக்குப்பெட்டி இருந்தது.

கொல்லைப்பக்கம், சனி இரவு 9.00

பெயர் காட்டுவார்களா! அந்த உறவுக்காரர் வீட்டில் யூடியூப் பார்க்காத ஆளே கிடையாது. அப்போ என் உரிமையைக் காப்பாற்ற என் முக்காட்டை எடுக்க வேண்டும்?

கறுப்புக்கோட்டு, சனி இரவு 9.30

உங்கள் சார்பில் வக்கீல் படிவம் போடலாம். அதற்கு முன்னால் ஒரு எளிய வேலை இருக்கிறது. சானலின் ‘அறிமுகம்’ பக்கத்தில் மின்னஞ்சல் இருந்தால் அதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள், புனைபெயரிலேயே. பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் இந்திய வழியும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி. தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், திருப்தியானால் 36 மணி நேரத்துக்குள் அவர்கள் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவோடு வராவிட்டால் மறுபடியும் திறந்துவிடலாம். வழக்குப் போடுவேன் என்று புகாரிலேயே உறுதி கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் யோசித்துச் செய்யுங்கள். ஆறுதலான விஷயம், 62ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். எதிராளி எந்த ஊர் என்று தேடி அலைய வேண்டாம்.

கட்டற்றவன், ஞாயிறு காலை 6.50

உரிமை, தண்டனை என்றே பேச்சு போகிறது. மறுபக்கத்தையும் வைக்கிறேன். நான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவன். அங்கே சேமிப்பு பொத்தானை அழுத்தும்போதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தைக் கொடுத்துவிடுகிறோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், இவைதான் நிபந்தனை. பதிப்புரிமை அப்போதும் என்னுடையதுதான். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பதுதான் வித்தியாசம்.

நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் 2024 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயோடு அந்தத் தளம் ஒப்பந்தம் போட்டதும் சிலர் கோபத்தில் தங்கள் பழைய பதில்களை அழிக்கவும் மாற்றவும் தொடங்கினார்கள். தளம் அவற்றைத் திரும்ப வைத்து, அழித்தவர்களின் கணக்கைச் சில நாள் முடக்கியது. எழுதியவர்கள்தான் உரிமையாளர்கள், ஆனால் உரிமம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. நம் மன்றத்து 6ஆவது விதி அப்படி இல்லை. அக்கா கொடுத்தது குறுகிய அனுமதி. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

பழையதாள், ஞாயிறு காலை 10.05

எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஓய்வுபெற்ற பிறகு வீட்டுப் பரணில் இருந்த பழைய வார இதழ்களை ஸ்கேன் செய்து இங்கே 200 சிறுகதைகளுக்கு மேல் போட்டிருக்கிறேன். ‘நன்றி’ போட்டு இதழின் பெயர், தேதி எல்லாம் கொடுத்துத்தான் போட்டேன். அந்த யூடியூப்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

தேங்காய்ச்சில், ஞாயிறு காலை 10.20

ஐயா, உங்களிடம் வாளும் கேடயமும் இல்லை, அது பெரிய வித்தியாசம்.

கறுப்புக்கோட்டு, ஞாயிறு காலை 11.40

ஐயா, உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ‘நன்றி’ போடுவது மரியாதை. அது அனுமதி ஆகாது.

எதை வைக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1962இல் வந்த ஒரு கதையை எழுதியவர் 1990இல் காலமாகியிருந்தால், 2050 டிசம்பர் முடிய வாரிசுகளுக்கு உரிமை. அதே 1962 இதழில் யாரென்றே தெரியாத புனைபெயரில் வந்த துணுக்கு என்றால் 2022 டிசம்பரோடு முடிந்தது. வெளியிலிருந்து எழுதி அனுப்பியவர் எழுதிக் கொடுக்காதவரை கதை இதழுக்குச் சொந்தமில்லை, எழுதியவருக்குத்தான். அதனால் இதழ் நின்றுபோய்விட்டது என்பது ஒரு சமாதானமாகாது.

அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். பாரதியார் 1921இலேயே மறைந்துவிட்டார், அவர் விஷயத்தில் எந்தக் கணக்கும் தேவையில்லை. ஆனால் இப்போது ஒரு பதிப்பகம் போட்ட பதிப்பை அப்படியே ஸ்கேன் செய்யாதீர்கள். மூலம் பொதுச்சொத்து. முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டை ஓவியம் எல்லாம் அவற்றைச் செய்தவர்களுடையவை.

கேமராக்கண், ஞாயிறு மதியம் 12.15

நடுவில் புகுந்துவிட்டேன், மன்னிக்கவும். நான் எடுத்த கல்யாணப் போட்டோவை மணமகள் இங்கே ‘அலங்காரம்’ இழையில் என் முத்திரையை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார். கேட்கலாமா?

கறுப்புக்கோட்டு, ஞாயிறு மதியம் 12.50

பெயர் விஷயமாகக் கேட்கலாம். நீக்கச் சொல்ல முடியாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஸ்டூடியோக்காரர்கள் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. கோயில் யானையை நீங்களாகப் போய் எடுத்தால் அது முழுக்க உங்களுடையது.

வாசல்காவல் (மட்டுநிறுத்துநர்), ஞாயிறு மாலை 5.00

பழையதாள் ஐயாவின் இழையை நீக்கச் சொல்லி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், நீக்கக் கூடாது என்று ஒன்பது பேர். வாக்கெடுப்பு நடத்தும் விஷயமில்லை இது.

மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் மீது டி-சீரிஸ் இசை நிறுவனம் போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2016 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். தளத்தில் எங்கோ ஏதோ மீறல் இருக்கலாம் என்று பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டிச் சொன்ன பிறகு சும்மா இருந்தால்தான் தளம் மாட்டும். ஒவ்வொரு பதிவையும் முன்கூட்டியே சோதிக்க எங்களால் முடியாது. நாங்கள் நான்கு பேர், நாலு பேருக்கும் பகலில் வேறு வேலை. ஆனால் சுட்டியோடு உரிமையாளர் எழுதினால் அன்றைக்கே எடுப்போம். எல்லாருக்கும் தெரியும், ஆனால் புகார் வரவில்லை என்று கண்ணை மூடிக்கொள்வது எனக்குத் தனிப்பட்ட முறையில் உவப்பில்லை. ஐயா ஒப்புக்கொண்டால், உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் கதைகளை முதலில் மறைத்துவைப்போம்.

பழையதாள், ஞாயிறு மாலை 6.10

ஒப்புக்கொள்கிறேன். நானே பட்டியல் போடுகிறேன். சில பேரின் பெயருக்குப் பின்னால் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அவற்றை என்ன செய்வது என்று கடைசியில் பார்ப்போம். நாற்பது வருடம் அந்தத் தாளை நான்தான் கரையானிடமிருந்து காப்பாற்றினேன், அதையும் யாராவது கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர்க்கிணறு, ஞாயிறு இரவு 8.00

இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்ல வந்தேன், சரியாகச் சொல்லவில்லை. சட்டத்தை மட்டும் பார்த்தால் ஐயாவின் பரணில் இருந்தது பரணிலேயே மட்கியிருக்கும். அக்காவின் விஷயத்தில் நான் தப்பு, பெயரையாவது போட்டிருக்க வேண்டும். ஐயாவின் விஷயத்தில் இன்னும் நான் மாறவில்லை.

கொல்லைப்பக்கம், அடுத்த வியாழன் இரவு 9.15

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் அனுப்பினேன், இங்கே உள்ள 11 பதிவுகளின் சுட்டியும் தேதியும் போட்டு. மறுநாள் பதில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், ஷிப்ட் முடிந்துவந்து இரவில் காணொலி செய்கிறானாம். “எங்க வாட்ஸ்அப் குரூப்புல வந்துச்சுங்க, கீழ யார் பேரும் இல்லீங்க, பழைய கதைன்னு நெனச்சுட்டேன்” என்று எழுதியிருந்தான். அவனுக்கு வந்த ஃபார்வர்டைப் படம் பிடித்தும் அனுப்பினான். நம் மன்றத்திலிருந்துதான் யாரோ நகலெடுத்து, என் பெயர் இருந்த வரியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். யாரென்று தேடப்போவதில்லை. 11 காணொலியையும் அன்றைக்கே எடுத்துவிட்டான்.

இன்னொரு சானலில் 4 பகுதி அப்படியே இருக்கிறது. அங்கே மின்னஞ்சலும் இல்லை, பின்னூட்டம் போட்டால் அழிக்கிறார்கள். அதற்குத் தீபாவளி கழித்து வக்கீல் மூலம் படிவம் போடப்போகிறேன்.

திருப்பூர்ப் பையன் போன் செய்து, ஏஐ வேண்டாம், என் சொந்தக் குரலில் உங்கள் பெயரோடு படிக்கட்டுமா என்று கேட்டான். படித்துக் காட்டினான். ‘ழ’ கொஞ்சம் வழுக்குகிறது, ஆனால் மில் சங்கு ஊதும் இடத்தில் தானாக நிறுத்தினான். மூன்று பகுதிக்குச் சம்மதித்தேன்.

கறுப்புக்கோட்டு, வியாழன் இரவு 9.25

அக்கா, எழுத்தில்தானே கொடுத்தீர்கள்? காலம் போட்டீர்களா, நாடு போட்டீர்களா?

கொல்லைப்பக்கம், வியாழன் இரவு 9.40

போட்டேன் தம்பி. ஒரு வருடம், யூடியூபில் மட்டும், உலகம் முழுக்க, பெயர் ‘கொல்லைப்பக்கம்’ என்று முதல் நொடியிலேயே வர வேண்டும், வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக ஒன்றைச் சேர்த்தேன்: களம் என்றால் நெல் காயப்போடும் இடம்.